யோகர் சுவாமியைப் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். யோகர் சுவாமி சொல்லித்தந்தவற்றைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சில வகுப்பிலேயே வரும், சில பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும் தாய்மாரிடமிருந்து வரும், சில இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

யோகர் சுவாமி எண்டது ஆர், ரீச்சர்? கொழும்புத்துறை எண்டு சொல்லுறீங்கள், அது கொழும்பிலயா இருக்கு?

கொழும்பில் இல்லை. கொழும்புத்துறை யாழ்ப்பாண நகரத்தின் ஓரத்தில், கடலேரிக் கரையில் உள்ள ஊர். முதலில் அங்கே சந்தியில் நின்ற இலுப்பை மரத்தடியிலும், பிறகு ஒரு கொட்டிலிலுமாகச் சுவாமி நெடுங்காலம் இருந்தார். 1872இல் பிறந்தவர், 1964இல் சமாதியடைந்தார். அதற்கெல்லாம் முன்னால் கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவர். அவருடைய குரு, நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமி. செல்லப்பா சுவாமிக்குக் குரு கடையிற்சுவாமி.

கொழும்போடு அவருக்குத் தொடர்பு இல்லாமலும் இல்லை. உத்தியோகத்துக்காக இங்கே வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அவருடைய பாடல்களையும் படத்தையும் கையோடு கொண்டுவந்தன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து வீடுகளின் சாமியறையில், வெள்ளைத் தாடியோடும் வெள்ளை வேட்டியோடும் ஒரு பெரியவரின் படம் இருந்தால் அது பெரும்பாலும் இவருடையதாகத்தான் இருக்கும்.

அவர் என்னதான் படிப்பிச்சவர்? சோதினைக்கு எழுதுற மாதிரி சுருக்கமாச் சொல்லுங்கோ.

செல்லப்பா சுவாமியிடமிருந்து அவர் வாங்கி, தன் மாணவர்களுக்குக் கொடுத்த நான்கு வாக்கியங்கள் உண்டு: ஒரு பொல்லாப்பும் இல்லை. எப்பவோ முடிந்த காரியம். நாம் அறியோம். முழுதும் உண்மை. அவருடைய பாடல்களும் வாசகங்களும் 'நற்சிந்தனை' என்ற தொகுப்பில் இருக்கின்றன. அவற்றில் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வரும்.

மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது, தேரடியில் அவரைப் பார்த்துச் செல்லப்பா சுவாமி அதட்டிக் கேட்ட கேள்வியை: 'ஆரடா நீ?' நான்கு வாக்கியங்களும் அந்தக் கேள்வியின் பின்னால்தான் வருகின்றன. குரு கேட்டது எதிரில் நிற்கிறவனைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி அவர் கேட்கவில்லை. கீழே நான் சொல்லப்போகிற பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

கும்பிட்டா சோதினை பாஸ் பண்ணலாமா?

படித்தால் பாஸ் பண்ணலாம். கும்பிட்டால் படிக்க உட்காரும்போது மனம் ஓரிடத்தில் நிற்கும். அதுவே பெரிய உதவி.

எப்பவோ முடிந்த காரியம் எண்டால் எல்லாம் முதலே முடிவாகியிட்டுது தானே? பிறகு நான் ஏன் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்க வேணும்?

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார். நியாயமான கேள்விதான். ஒரு மாணவன் கணித மாதிரி வினாத்தாளின் ஓரத்தில், பிழைத்த கணக்குக்குப் பக்கத்தில், இந்த வாக்கியத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். அந்தக் கணக்கைத் திரும்பச் செய்யச் சொன்னேன். சரியாக வந்தது. 'இப்ப அதை எழுது' என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னவர்கள் யாரும் தம்மிடம் வந்தவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. யோகர் சுவாமியிடம் போனவர்களில் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், டாக்டர்மார், கமக்காரர் என்று எல்லோரும் இருந்தார்கள். பெரும்பாலானோர் குடும்பத்தோடு இருந்தபடியே, பார்த்த வேலையைப் பார்த்துக்கொண்டேதான் அவருடைய மாணவர்களாக இருந்தார்கள். செய்கிற வேலையைச் சிவனுக்குச் செய்கிற தொண்டாகச் செய் என்பதுதான் அவர் காட்டிய வழி. 1935இல் தொடங்கிய சஞ்சிகைக்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் எழுந்த நிலையத்துக்கும் 'சிவதொண்டன்' என்ற பெயர் வந்தது அதனால்தான். தொண்டு என்றால் உழைப்பு. நாலு மணிக்கு எழும்புவதும் அதில் அடக்கம்.

இந்த வாக்கியம் உழைப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, பயத்தை இறக்கி வைக்கச் சொல்கிறது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு, புத்தகத்தை மூடிய பிறகும் 'வராட்டி என்ன செய்வன், அப்பா என்ன சொல்லுவார், கம்பஸ் கிடைக்காட்டி என்ன' என்று மனம் ஓடுமே, அந்த நேரத்துக்குரிய வாக்கியம் இது. படிக்கிற நேரத்தில் அதைச் சொன்னால் சாட்டுச் சொல்வதாக முடியும். படித்து முடித்துச் சொன்னால் நித்திரை வரும்.

ஞாயிறு காலமை டியூஷன் போட்டிருக்கினம். வகுப்புக்கு வராட்டி பிழையா?

பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெற்றோரிடம் ஒன்று கேட்பேன்: வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணித்தியாலம், புள்ளி போடாத ஒரு வகுப்பில் பிள்ளை இருப்பது அவ்வளவு நட்டமா? உயர்தரக் கடைசி வருடம் என்றால் விட்டுவிடுங்கள், எட்டாம் வகுப்பில் விடாதீர்கள்.

தியானம் செய்யேக்க போன் தான் ஞாபகம் வருது. 'சும்மா இரு' எண்டு சுவாமி சொன்னவராமே, அது எப்பிடி?

'சும்மா இரு' என்பது நம் மரபில் பழைய உபதேசம். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னதும் அதுதான். யோகர் சுவாமியும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கொழும்புத்துறைக் கொட்டிலுக்குப் போனவர்கள் சொல்வதைக் கேட்டால் அங்கே என்ன நடந்தது என்பது புரியும். பாயில் போய் இருப்பார்கள். சில நாள் சுவாமி பேசுவார். சில நாள் தேவாரமோ நற்சிந்தனையோ பாடச் சொல்வார். சில நாள் யாரும் வாய் திறக்காமலே நேரம் போய்விடும். வந்த விஷயத்தைக் கேட்காமலேயே, ஆனால் மனம் தெளிந்து, எழுந்து போனவர்கள் உண்டு.

எங்கள் வகுப்பில் போன் எல்லாவற்றையும் வாசலில் ஒரு கூடையில் போடுகிறோம். பிறகு ஒரு தேவாரம், மெதுவாக, எல்லோரும் சேர்ந்து பாடுகிறோம். பாடி முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்போம். காலி வீதி பஸ் சத்தம் கேட்கும், ரயில் போகும். கேட்கட்டும். போன் ஞாபகம் வந்தால் வரட்டும். அதை விரட்டப் போகாமல், 'ஞாபகம் வந்தது எனக்கு' என்று தெரிந்துகொண்டு இருந்தால் போதும். ஐந்து நிமிடம் பழகாதவருக்கு அரை மணித்தியாலத் தியானம் வேண்டாம்.

மச்சம் சாப்பிட்டிட்டு வகுப்புக்கு வரலாமோ?

வரலாம். புலால் உண்ணாமை சைவத்தில் உயர்ந்த ஒழுக்கம், நானும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் நேற்றுச் சாப்பிட்ட மீன் குழம்புக்காக ஒரு பிள்ளை தேவாரம் படிக்காமல் வீட்டில் இருந்தால் அதில் எனக்குச் சம்மதமில்லை. வெள்ளிக்கிழமையில் தொடங்குங்கள்.

புறக்கோட்டையில கடை வச்சிருக்கிறன். பொய் சொல்லாமல் இஞ்ச வியாபாரம் செய்யேலுமா? முழுதும் உண்மை எண்டு படத்துக்குக் கீழ எழுதி வச்சிட்டு இருக்கிறது கஷ்டமாக் கிடக்கு.

ஒரு மாணவியின் தகப்பனார் கேட்டது. கஷ்டமாக இருப்பது நல்லது என்றேன். எழுதி வைத்துவிட்டுக் கஷ்டமே இல்லாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

'முழுதும் உண்மை' என்பதன் ஆழமான கருத்து எல்லாம் சிவம் என்பது. அதைப் பெரியவர்கள் விளக்கட்டும். கடையில் நிற்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. இன்று ஒரு பொய்யை விடுங்கள், எது மிகப் பழக்கமானதோ அதை. 'இது கொள்விலைக்கே தாறன்' என்பதை விடுங்கள். விலையைச் சொல்லுங்கள், இலாபத்தைச் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொள்வது பொய் ஆகாது. நிறையும் அளவும் சரியாக இருக்கட்டும். சில மாதம் கழித்து அவர் வந்து, சில வாடிக்கையாளர் போய்விட்டார்கள், வந்தவர்கள் பேரம் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள் என்றார். இலாபமா நட்டமா என்று நான் கேட்கவில்லை.

கூடப் படிக்கிற பிள்ளை வெசாக்குக்குப் பன்சலைக்குக் கூப்பிடுறா. போனா சுவாமிக்குத் துரோகமா?

போய் வாருங்கள். சுவாமியே யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர். அவரிடம் வந்தவர்களில் சைவர்கள் மட்டும் இருக்கவில்லை. மகாதேசாதிபதியாக இருந்த சோல்பரி பிரபுவின் மகன் அவருடைய சீடராகி, சந்தசுவாமி என்ற பெயரோடு இங்கே பல காலம் வாழ்ந்தார். ஜெர்மன்காரரான கௌரிபாலா சுவாமியும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து வந்து 1949இல் சுவாமியைக் கண்ட இளைஞர்தான் பின்னாளில் ஹவாயில் சைவ மடம் அமைத்த சிவாய சுப்பிரமுனியசுவாமி.

பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் தாழ்த்தி, அவர்கள் வணங்குகிற நேரத்தில் அமைதியாக நில்லுங்கள். அடுத்த முறை ஆடிவேல் திருவிழாவுக்கு அந்தப் பிள்ளையை நீங்கள் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்குக் கான்சர் எண்டு சொல்லிப்போட்டினம். நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள், ரீச்சர்?

வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டே ஒரு மாணவி கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயைச் சுருட்டுவதும், சரியில்லை என்று பிரிப்பதும், மறுபடி சுருட்டுவதுமாக இருந்தாள். சொந்தக்காரர் ஒருவர் 'முற்பிறப்புப் பாவம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

'நாம் அறியோம்' என்றுதான் சொன்னேன். நான்கு வாக்கியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சைவசித்தாந்தத்தில் வினை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எந்த வினை எந்த உடம்பில் எப்போது வந்து நிற்கிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் நம்மில் யாருக்கும் தரப்படவில்லை. அவ்வளவு பெரிய ஞானிகளே 'அறியோம்' என்று நின்ற இடத்தில், ஒரு சித்தப்பாவோ மாமியோ அறிந்தவர் போலப் பேசினால் அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்புத் தாய்மார் முறை வைத்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். இடியப்பமும் சொதியும் மூன்றடுக்குக் கரியரில் போகும், கழுவிய கரியர் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். பெடியன்கள் இருவர் அவளுக்கு விஞ்ஞான நோட்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். நாலு மணிக் கேள்விக்குப் பதிலில் தொண்டு என்று சொன்னேனே, அதை அந்தப் பிள்ளைகள் படித்தது அந்த மாதங்களில்தான். என் வகுப்பில் இல்லை.

நான் சயன்ஸ் படிக்கிறன். 'நாம் அறியோம்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தா ஆராய்ச்சி எப்பிடிச் செய்யிறது?

தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமல் எந்த ஆராய்ச்சி தொடங்கியது? விபுலாநந்த அடிகளைப் பாருங்கள். விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் படிப்பித்தவர். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழரின் யாழைப் பற்றி எழுதும்போது நரம்புகளின் சுருதி அளவைகளைக் கணிதம் கொண்டு தேடியவர். காவி உடை அந்தத் தேடலைத் தடுக்கவில்லை.

ஒரு பொல்லாப்பும் இல்லையெண்டு பாடுறீங்கள். எங்கட அம்மம்மாவின்ர வீட்டை 83இல எரிச்சவங்கள். அது பொல்லாப்பில்லையா?

அது பொல்லாப்புத்தான். அதில் இரண்டு பேச்சு இல்லை. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில், நாம் இப்போது நடந்து திரியும் இந்தத் தெருக்களில் வீடுகளும் கடைகளும் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். இரத்மலானை முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தவர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் இந்த வாக்கியத்தைச் சொல்லி வாயடைப்பவர் சமயம் பேசவில்லை, கொடுமை செய்கிறார்.

எல்லாவற்றையும் சிவமாகவே கண்ட நிலையில் நின்று செல்லப்பா சுவாமி சொன்ன வாக்கியம் இது. நாம் அங்கே நிற்கவில்லை. நமக்கு அது ஒரு பற்றுக்கோடு, தீர்ப்பு அல்ல. 'ஆரடா நீ' என்று குரு கேட்டது எதிரில் நிற்கிறவனை என்று மேலே எழுதினேன். அதனால் எங்கள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: நான்கு வாக்கியங்களையும் தனக்குத் தான் சொல்லிக்கொள்ளலாம், துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்கு வலிந்து சொல்லக்கூடாது. மேலே அந்த மாணவி கேட்ட இடத்தில்கூட, என் அறியாமையைத்தான் நான் சொன்னேன்.

கேட்ட பிள்ளையின் அம்மம்மா ஒரு ஞாயிறு வகுப்புக்கு வந்தார். முகாமில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைத்தான் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதே மூச்சில், நெருப்பு வைத்தவர்களை நீதிமன்றத்தில் ஏற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். பிள்ளைகள் இரண்டையும் கேட்டார்கள். ஒன்றை ஒன்று அடித்துப் போடவில்லை என்பது அவர் இருந்த இருப்பிலேயே தெரிந்தது. என் விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

குரு இல்லாமல் ஞானம் வராது எண்டுறீங்கள். சுவாமி இப்ப இல்லை. ஒரு சாமியார் இருக்கிறார், ஐம்பதாயிரம் குடுத்தா பூசை செய்து தோசம் கழிப்பாராம். போகட்டோ?

போக வேண்டாம். கொடுக்க வேண்டாம்.

நம் பரம்பரையில் குரு என்பவர் எப்படி இருந்தார் என்று பாருங்கள். செல்லப்பா சுவாமியைப் பார்த்தவர்கள் அவரைப் பித்தர் என்று நினைத்தார்கள். சோறு சமைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்தில் பானையைப் போட்டு உடைத்துவிடுவாராம். யோகர் சுவாமி கொட்டிலில் இருந்தார். காரில் வந்த பெரிய மனிதர்களையும் ஏசித் திருப்பி அனுப்பியிருக்கிறார். தங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்வதை இவர்கள் விரும்பவில்லை. வருகிறவருடைய பயத்தை வளர்த்து அதில் சம்பாதிக்கவும் இல்லை. ஒருவரிடம் போய்த் திரும்பும்போது போனதைவிடக் கூடப் பயத்தோடு வருகிறீர்கள் என்றால், அவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.

நேரில் குரு கிடைக்கவில்லை என்று தவிக்கிறவர்கள் நற்சிந்தனையில் ஒரு பாட்டை எடுத்து ஒரு மாதம் அதையே பாடுங்கள். கோயிலுக்குப் போங்கள். கொழும்பில் நமக்கு இடத்துக்குக் குறைவில்லை: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரம், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன். விவேகானந்தர் 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது முதலில் கால் வைத்ததும் இந்தக் கொழும்பில்தான். தேடுகிறவருக்கு வழி ஐம்பதாயிரம் ரூபாயில் தங்கி நிற்பதில்லை.

சுவாமியின்ர குருபூசை எப்ப?

பங்குனி மாதம் ஆயிலிய நட்சத்திரத்தில். பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். வீட்டில் செய்வதென்றால் படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, நற்சிந்தனை பாடி, யாராவது ஒருவருக்காவது சாப்பாடு கொடுங்கள்.

மகன் கோயிலுக்கு வரமாட்டன் எண்டுறான். 'எனக்கு நம்பிக்கை இல்லை' எண்டு முகத்துக்கு நேர சொல்லுறான். பதினேழு வயசு. நான் எங்க பிழை விட்டனான்?

நீங்கள் பிழை விடவில்லை, அக்கா. நம்பாத ஒன்றை நம்புவதாக நடிக்காமல் முகத்துக்கு நேரே சொல்கிற பிள்ளையை நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள். முழுதும் உண்மை என்று படிக்கிற வீட்டில் அது குறை ஆகாது. யோகர் சுவாமியே முப்பது வயதைத் தாண்டித்தான் செல்லப்பா சுவாமியிடம் வந்து சேர்ந்தார்.

இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாப்பாட்டு மேசையில் இதை விவாதிக்காதீர்கள். சாமியறையில் விளக்கேற்றும்போது 'இவனுக்கு நல்ல புத்தி குடு' என்று அவனுக்குக் கேட்கும்படி வேண்டாதீர்கள், அது கும்பிடுவதாகாது, ஏசுவதாகத்தான் அவன் காதில் விழும். அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அவனைக் கேளுங்கள். மகரகமவுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஆள் தேவைப்பட்டபோது, வகுப்புக்கே வராத பெடியன்கள் சிலர் மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களிடம் நம்பிக்கை இருக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உங்கள் மகனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்றால் எனக்குச் சொல்லுங்கள், வெள்ளவத்தைக்குள்ளேயே தனியாக இருக்கும் வயதானவர்கள் இரண்டு பேருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் தேடுகிறோம்.